பேய் வராத வீடு

"பேய்க் கதைன்னு சொல்லிக் கொடுத்தீங்க. இத்தனை பக்கத்துல பேய் எங்கம்மா?"

பதிப்பாசிரியர் தாள் கட்டை மேஜையில் தள்ளினார். எதிரே இருந்த அம்மாள் நிமிரவில்லை. முதல் நாவல் எழுதி வந்தவர்களைக் கண்டால் பதிப்பாசிரியருக்கு நாக்கு நமநமக்கும்.

"வீடு என்னவோ விசித்திரமாத்தான் இருக்கு. எந்த ரூமுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. குளியலறைக்குக்கூட இல்லை. கத்தி, மாத்திரையெல்லாம் பீரோவுக்குள்ள பூட்டியிருக்கு. அப்பாவும் அம்மாவும் முறை போட்டுத் தூங்குறாங்க. படிக்கிறவன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். கடைசி வரைக்கும் ஒண்ணுமே நடக்கலையே!"

"நடந்துடக் கூடாதுன்னுதான் சார் அவங்க..."

"அப்புறம் எதுக்குக் கதை? மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பாங்க. நீங்க அந்த எலியையும் பிடிக்கலை!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"சரி, போனாப் போகுது. ஒரு வழி சொல்றேன். அந்த வீட்டுல ஒரு பொண்ணு வர்றாளே, யார்கிட்டயும் பேசாதவ? பெத்தவங்க கண்ணசந்த நேரத்துல அவளைச் சாகடிச்சிடுங்க. ஜனங்க ஆடிப் போயிடுவாங்க. அடுத்த மாசமே புத்தகமாப் போட்டுடறேன்."

அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தாள்களை அவசரமாகச் சேர்த்துப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம் சார்."

"வேண்டாமா? புத்தகம் வரணும்னு ஊர்ல அவனவன் தவம் கிடக்குறான். முடிவே இல்லாம இப்படி இழுத்துக்கிட்டே போவீங்களா?"

"இதை டைப் அடிக்கிறது என் பொண்ணு சார். ரெண்டு தடவை சாகத் துணிஞ்சவ. டாக்டருங்கதான் மீட்டுக் கொடுத்தாங்க. இது எங்க வீடுதான்னு அவளுக்கும் தெரியும். 'கொண்டு போய்க் காட்டும்மா'ன்னு அவதான் என்னை அனுப்பினா."

பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இந்தக் கதையைத் தவிர எங்களோட அவ வேற எதுவும் பேசறதே இல்லை. தினமும் காலையில மட்டும் எழுந்து வந்து, 'அடுத்து என்னம்மா ஆகும்?'னு கேக்குறா. அதுக்காக நானும் ஒரு அத்தியாயம் எழுதி வைக்கிறேன். இவ்வளவுதான் சார் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்."

வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"கதையை முடிச்சுட்டா, மறுநாள் காலையில அவ எதுக்கு சார் எந்திரிப்பா?"