நாற்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலம்

"பதினோரு வருஷம் மச்சான்! ஒரு நாளாச்சும் எனக்கு என்ன வேணும்னு கேட்டியளா?"

ரைஹானா போட்ட சத்தத்தில் ஹலால் உணவங்காடியின் பன்னிரண்டு கடைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நான்காம் மாடி ஜோடி. நான் அடுத்த மேசை. காதைக் கழற்றியா வைக்க முடியும்?

"எப்பவும் வாங்குற பிரியாணி பிடிக்காதுன்னு நீ சொல்லவே இல்லியே புள்ள," என்றார் அவள் கணவர் மசூது. "சரி, இப்பக் கேக்கேன். என்ன வேணும்?"

அவள் கடைகளைப் பார்த்தாள். மீ கோரெங் நூடுல்ஸ், கெபாப், தாய்லாந்து சூப். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியல," என்றாள்.

மசூது போய், இருப்பதிலேயே நீளமான வரிசையில் நின்றார். அவள் தன் நாற்காலியில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுக் கைப்பையோடு எழுந்தாள். இங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் வரும், உட்காராதே.

மசூது சூப்போடு வந்து டிஷ்யூவுக்கு எதிரே உட்கார்ந்தார். இடம் கேட்டவர்களிடம், "வந்துருவாங்க," என்றார். சூப் ஆறாமலிருக்கத் தட்டால் மூடினார். அவள் பேருந்தில் ஏறியதைக் கண்ணாடி வழியே பார்த்த நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு அது புது வழக்கம்.

மணவிலக்கு முடிந்ததும் ரைஹானா ஈப்போ நகரில் ஒரு லாரிக்காரரை நிக்காஹ் செய்துகொண்டாள். மசூது வீட்டை விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டார். நான்காம் மாடிக்குப் புது ஜோடி வந்திருக்கிறது. இதுவரை ஒரு சத்தமும் இல்லை.