துருப்பிடித்த கம்பிகள்

இருட்டியதும் மூலையில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் எழுந்தது. கட்டிலில் கிடந்த பழைய கிடார் நடுங்கிவிட்டது.

"நான்தாண்ணே," என்றது சத்தத்தைப் பெருக்கும் புது ஆம்ப்ளிஃபயர் பெட்டி. "சும்மா முனகுறேன். பிள்ளை முழிச்சுக்கும்னு ஃபிலோ என்னைச் சத்தமா வாயத் திறக்கவே விடலையே."

"என் சத்தம் மங்கிப்போச்சுன்னுதான் உன்னை வாங்கினா. அப்பவும் தெளியல. இப்ப என்னை விக்கப்போறா."

"கம்பி மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடி மாத்தினது."

"சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"துருப்பிடிச்ச வாய் சொன்னா யாரு கேப்பா?"

மறுநாள் காலை கிடாரை விலைக்கு வாங்க, சர்ச்சில் வாசிக்கும் செல்வின் வந்தார். கம்பிகளைத் தடவி முகம் சுளித்தார். பையிலிருந்த புதுக் கம்பிகளை மாட்டி, மெல்ல வாசித்துப் பார்த்தார். தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை அடங்கிப்போய்க் கேட்டது.

ஃபிலோ கிடாரைப் பிடித்துக்கொண்டாள். "இதை விக்கலண்ணா. அந்தப் பெட்டியைக் கொண்டுபோங்க."

செல்வின் யோசித்தார். "சரிம்மா. சர்ச்சுக்கு ஆகும்."

"சர்ச்சுல கத்தலாமாண்ணே?" என்றது ஆம்ப்ளிஃபயர், அவர் கையில் தொங்கியபடி.

"உன் ஆசை தீரக் கத்து," என்றது கிடார்.

அவர் மனசு மாறி, கிடாரைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்து, இடுப்பில் பிள்ளையும் தோளில் கிடாருமாக ஓடிப்போய், ஃபிலோ உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.