முழுச் சம்பளத்தோடு விடுப்பு

பொன்மணி டீச்சரின் விண்ணப்பத்தைப் படித்து முடித்த லட்சுமிகாந்தம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டாசு முதலாளி ஒருவர் கண்கலங்கி அவள் அதுவரை பார்த்ததில்லை.

எம். புதுப்பட்டியில் அவர் நடத்தும் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை அவள். கல்வி உளவியல் படிக்க ஆசைப்பட்டு, அவருடைய அறக்கட்டளையிடம் உதவி கேட்டிருந்தாள். "பிள்ளைக மனசப் படிக்கிறதுக்கெல்லாம் யாரு காசு தருவா?" என்று தலைமையாசிரியர் சிரித்திருந்தார்.

"பாதி வகுப்பு தூங்குதுன்னு எழுதியிருக்கீக. எதனால, டீச்சர்?" என்று கேட்டார் லட்சுமிகாந்தம்.

"ராத்திரி பூரா வெடிக்குக் காயிதக் குழாய் உருட்டுதுக, அண்ணாச்சி. எந்தக் கம்பெனியோ தெரியல, வேன்ல கொண்டாந்து வீடுவீடா இறக்கிட்டுப் போறாக. முனியராஜ்னு ஒருத்தன், போன வருசம் அவன் அப்பா வெடிவிபத்துல போனதுலருந்து வாயத் திறக்கிறதே இல்ல. அவன எப்படிப் பேச வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அதான் படிக்கணும்ங்கிறேன்."

"வீடுகளுக்கும் போறீகளாமே?"

"தினமும் சாயங்காலம் போறேன். சொல்லிச் சொல்லி முப்பது வீட்டுல நிறுத்திட்டாக."

"முப்பதா" என்றார் அவர். பேனாவை எடுத்தார்.

இரண்டு வருஷம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. சென்னையில் படிப்புச் செலவு, விடுதிச் செலவு எல்லாம் அறக்கட்டளையுடையது. அவள் கேட்டது இதில் பாதிகூட இல்லை.

"நாளைக்கே கிளம்பிருங்க."

"வகுப்பு ஆகஸ்டுலதான் ஆரம்பிக்குது, அண்ணாச்சி. அதுவரைக்கும் இங்கன இருந்து..."

"முன்னாடியே போயி மெட்ராஸப் பழகிக்கிடுங்க. முடிச்சிட்டு மேல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கணும்னாலும் படிங்க, நான் தாரேன். அவசரமே இல்ல."

சின்ன வயதில் அவளும் குழாய் உருட்டியவள்தான். அன்றைக்கு இப்படி ஒரு மனுஷர் இருந்திருந்தால் என்று நினைத்தபடியே, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, உள்ளே அவர் செல்போனில் பேசுவது கேட்டது.

"ஏலே, டீச்சர் நாளைக்கு மெட்ராஸ் போறாக. அந்த முப்பது வீட்டுக்கும் வேன அனுப்பு."