திரும்பி வந்த கதை

அன்று மாலை அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவர்கள் நால்வர்: கடைக்காரர், பில் போடும் அவருடைய மனைவி, உள்ளறையில் வில்லை தேய்க்கும் அவருடைய தம்பி, புதுக் கண்ணாடி வாங்க வந்திருந்த ஒரு பெண்மணி.

"என்ன வேலை பார்க்கிறீங்க மேடம்? அதுக்கு ஏத்த மாதிரி கண்ணாடி சொல்வேன்," என்றார் கடைக்காரர்.

"நாள் முழுக்கப் படிக்கிற வேலை. பத்திரிகைக்கு வர்ற கதைகளைத் தேர்ந்தெடுக்கிறேன்."

"எந்தப் பத்திரிகை?"

பெண்மணி பெயரைச் சொன்னார். கடைக்காரர் கையிலிருந்த ஃப்ரேமை மேசைமேல் வைத்துவிட்டார்.

"ஓகோ, அது நீங்கதானா!"

பில் புத்தகத்தின்மேல் குனிந்திருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, வேண்டாம்."

"நீ சும்மா இரு. மேடம், இவ என் சம்சாரம். இவ அனுப்பின கதை ஒண்ணு விடாம உங்க ஆபீஸ்லேருந்து திரும்பி வந்திருக்கு. 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' வருந்துறீங்களாம்! யாரு வருந்துறாங்கன்னு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. போன வாரம் வந்ததைப் பார்த்துட்டு, இனிமே எழுதவே மாட்டேன்னுட்டா. அன்னிக்கு அடுப்புகூட பத்த வைக்கல."

"ஓட்டல்லதான் சாப்பிட்டோம்," என்று உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தான். "அதுவும் அண்ணி கதை மாதிரியே திரும்பி வந்துடுச்சு."

"உன் வேலையைப் பாருடா! மேடம், எங்கிட்ட கொடுக்காம இவ எதையும் அனுப்பினதில்லை. நான் 'அருமை'ன்னு சொன்ன பிறகுதான் கவர்ல போடுவா. சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் கேட்டுப் பாருங்க, என் பொண்டாட்டி எழுத்தைப் பத்தி நான் பேசாத நாள் உண்டான்னு."

பெண்மணி பதறவில்லை. "போன வாரம் வந்தது எந்தக் கதை?"

"'சாவி என்னிடம்தான்.' நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அதைப் படிச்சீங்களா, இல்ல, புதுப் பேரா இருக்கேன்னு தள்ளிட்டீங்களா?"

பெண்மணி மனைவியின் பக்கம் திரும்பினார். "அதை எழுதினது நீங்களா? படிச்சேம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயும் படிச்சேன். அந்தப் பொண்ணு கதவைப் பூட்டிட்டு, சாவியை எதிர்வீட்டுல கொடுக்கலாமா வேண்டாமான்னு படியிலேயே நிக்கிறாளே, அந்த இடத்துக்கு அப்புறம் அன்னிக்கு வேற கதையைக் கையில எடுக்க மனசு வரல."

 மனைவி பேனாவின் மூடியைக் கழற்றினாள், மறுபடி மூடினாள்.

"அப்புறம் ஏன் போடல?" என்றார் கடைக்காரர்.

"முடிவை என்னால நம்ப முடியல. அதை நாலு வரி எழுதிக் கேட்டிருக்கணும். வேலை நெருக்கடியில அச்சடிச்ச சீட்டோட போயிடுச்சு. அது என் தப்புதான்."

"முடிவு சரியில்லையா? நல்லா இருக்கே நியாயம்! மேடம், அந்த முடிவைப் படிச்சுட்டுத்தான் நான் அழுதேன். கடைசியில அந்தப் பொண்ணு செத்துப் போறாளே, அந்த இடத்துல எனக்குச் சோறு இறங்கல."

உள்ளே வில்லை தேய்க்கும் சத்தம் நின்றுபோயிற்று.

"அவ சாகலைங்க," என்றாள் மனைவி.

"சாகலையா?"

"புருஷன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து, கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான்."

"அதான், அதேதான்! செத்துப் பிழைச்ச மாதிரின்னு சொல்ல வந்தேன்."

பெண்மணி அவர் பக்கம் திரும்பவேயில்லை. மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் நம்பாதது அந்த ஓட்டத்தைத்தான். கதை முழுக்க அவ பேசின ஒரு வார்த்தையையும் அந்த ஆள் காதுல வாங்கல. அப்படித்தான் எழுதியிருக்கீங்க. அவன்மேல பாவப்பட்டு அவனை ஓட வெச்சது நீங்க. முடிவை மட்டும் மாத்தி எழுதிக் கொடுங்க, நிச்சயமா போடறேன்."

"மாத்தாதே!" என்றார் கடைக்காரர். "ஒரு எழுத்தைக்கூட மாத்த நான் விடமாட்டேன். உன் கதையை என்னைவிட யாரு ரசிச்சுப் படிச்சிருக்கா, சொல்லு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஃப்ரேமை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துத் துடைத்தபடி, பத்திரிகைக்காரர்களுக்கு ரசனை போய்விட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

மனைவி பில் புத்தகத்தை மூடினாள். பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் பேசிக்கொண்டிருந்த கணவரைக் கடந்து வெளியே நடந்தாள்.