மலைக்கு வந்த மோட்டார்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், சாலையே எட்டாத மலைத் தோட்டமொன்றில் வேலை பார்க்கும் கார்மேகம் அண்ணாந்து நிற்கிறான். ஒதுக்குப்புற விவசாயிகளுக்கென வளைகுடா நாடுகள் கூடிப் பேசி வகுத்த உதவி, டீசல் மோட்டாராக ஹெலிகாப்டர் கயிற்றில் ஆடியபடி இறங்குகிறது. பேரீச்ச மட்டைகள் படபடக்கின்றன. காலை வெயிலில் புழுதி பொன்னாகச் சுழல்கிறது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டாத ஆழத்துக்குப் போய்விட்டதால், மரங்களைக் காயவிட்டு ஊரைப் பார்த்துப் போகவிருந்த முதலாளி சயீத், தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கிறார். "ஒத்த ஆளு தோட்டத்துக்காகவாண்ணே இம்புட்டும்?" என்று கேட்கிறான் உடன் வேலை செய்யும் பாலகுரு. "ஆமாடா," என்கிறான் கார்மேகம். மோட்டார் தரையைத் தொட்டதும் சயீத் கிணற்று விளிம்பில் குனிகிறார். அடியில் மினுங்கும் தண்ணீரிடம், தூங்கும் பிள்ளையை எழுப்புவதுபோல, அரபியில் மெல்லச் சொல்கிறார்: "யல்லா, கிளம்பு, மேலே வா."