உமைராவுக்குக் கஞ்சி

எப்படியாவது உமைராவை நாலு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும். மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில், மடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த சஜிக்கு அன்று இருந்த ஒரே வேலை அதுதான்.

அவன் வருவதற்கு முன்பே உமைரா வந்து பெஞ்சில் காத்திருந்தாள். "வந்தியா" என்று கேட்டதோடு சரி, அப்புறம் வாயைத் திறக்கவில்லை. எட்டு வயதிலிருந்து தெரிந்தவள், வகுப்பிலேயே பெரிய வாயாடி. அவளுக்கா இந்தக் கதி என்று நினைத்தான். பாவமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்குள் எதுவும் இறங்குவதில்லை.

இருவரும் படித்தது, ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்திய சாயங்கால வகுப்பில். வெறும் வயிற்றோடு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை அங்கே யாரும் என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு கிண்ணம் கஞ்சியும் இரண்டு ஸ்பூனுமாகப் பக்கத்தில் வந்து உட்காரும். இருவரும் அதே கிண்ணத்தில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பெரிய பிள்ளை டீச்சரிடம் போய், "சாப்பிட்டாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

படித்து முடித்து ஆளுக்கொரு வேலையில் ஒட்டிக்கொண்ட பிறகும் பழைய மாணவர்கள் இந்தச் சட்டத்தை விடவில்லை. யாருக்குக் கஷ்டம் வந்தாலும் முறைவைத்து ஒருவர் துணைக்குப் போவார். எர்ணாகுளத்தில் நர்ஸாக இருக்கும் அம்பிளிதான் முறை போடுகிறவள். முதல் பேட்ச் என்பதால் எல்லோருக்கும் அவள் சேச்சி.

நாற்பத்தோரு நாளுக்கு முன் சஜியின் அம்மா ராக்கம்மாள் இறந்தபோது, அவனுக்கும் ஆள் வந்தது. ஒருவரல்ல, மூன்று பேர். "எனக்கு ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்று மூவரையும் வாசலோடு அனுப்பிவிட்டான். அவன் கணக்கில் அவனுக்கு ஒன்றுமில்லைதான். அழவில்லை, புலம்பவில்லை. ஏசி மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. சாயாவும் பழமுமாகப் பொழுது ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலையில்தான் அம்பிளியின் போன் வந்தது.

"சஜி, உமைராவோட கல்யாணப் பேச்சு முறிஞ்சு போச்சு. ஒண்ணும் தின்ன மாட்டேங்கிறா. நாளைக்கு நாலு மணிக்கு ஜெட்டிக்கு வரச் சொல்லியிருக்கேன். உன் முறை."

"வேற ஆளப் பாருங்க சேச்சி."

"உனக்குத்தான் ஒண்ணுமில்லையே. அப்புறம் என்னடா? முறைன்னா முறை."

மறுநாள் மத்தியானம் எழுந்து சவரம் செய்துகொண்டான். கஞ்சி வாங்க வீட்டில் வேறு பாத்திரம் சரிப்படவில்லை. நகரசபைத் துப்புரவு வேலைக்கு அம்மா தினமும் கொண்டுபோன தூக்குச்சட்டி, அவள் மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. அதை எடுத்துத் தூசி போகக் கழுவினான். கடையில் சூடாகக் கஞ்சியும் மேலே பயறும் வாங்கி ஊற்றிக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தான்.

இப்போது மூடியைத் திறந்த பிறகுதான் உறைத்தது. துணைக்குப் போகிறவன் எதை மறந்தாலும் மறக்கக் கூடாததை மறந்திருந்தான்.

"ஸ்பூன் எடுக்கல."

உமைரா தன் பையைத் திறந்தாள். ஒரு துணியில் சுற்றி இரண்டு ஸ்பூன் இருந்தது. நல்ல வேளை என்று ஒன்றை வாங்கிக்கொண்டான்.

"தின்னு உமைரா. ஆறிப்போகும்."

"நீ முதல்ல."

"எனக்கு வேண்டா. உனக்காகக் கொண்டு வந்தது."

"அப்ப எனக்கும் வேண்டா."

பிடிவாதத்தில் அவள் கொஞ்சமும் மாறவில்லை. வேறு வழியில்லாமல் அவன் ஒரு வாய் வைத்தான். அவளும் ஒரு வாய் வைத்தாள். அவன் நிறுத்தினால் அவள் ஸ்பூனும் நின்றது. இவளைச் சாப்பிட வைப்பதற்காக நாம் வயிற்றை ரொப்ப வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டே அள்ளினான்.

ஐந்தாவது வாயோ ஆறாவது வாயோ, கஞ்சி சூடாக இருப்பது அவனுக்குத் தெரிந்தது.

"உப்பு குறைவு," என்றான். "எங்க அம்மா இன்னும் ஒரு கல்லு போடும்."

சொன்ன பிறகு ஸ்பூன் அப்படியே நின்றது. அம்மா என்ற சொல் இத்தனை நாளில் இப்போதுதான் அவன் வாயில் வந்தது. உமைரா அவன் பக்கம் திரும்பவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. தூக்குச்சட்டியை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு படகு வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இருவருமாகச் சேர்ந்து அடியில் கிடந்த பயறு வரைக்கும் வழித்துவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டான் சஜி. வந்த வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதி வந்தது. அம்பிளிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சட்டைப்பையில் போனைத் தேடினான்.

அதற்குள் உமைரா தன் போனை எடுத்துக் காதில் வைத்திருந்தாள்.

"சேச்சி, சஜி சாப்பிட்டாச்சு."