தகடு குறைத்த சூடு

தங்கராசு தகட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கவும், வாசலில் மச்சானின் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளுக்குள் ஒரு குஷி. ஆள் இன்றைக்கு வசமாக மாட்டப்போகிறான்.

"என்ன மாமா, மிஷினு ஓடுதா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான் கதிரவன். மனைவி ரேகாவின் தம்பி. கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன்.

"ஓடுதே. ரொம்ப நல்லாவே ஓடுது" என்று இழுத்தான் தங்கராசு.

சிதம்பரத்தில் வீட்டிலேயே கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்கிற தங்கராசுவுக்கு ஒரு மாதமாக நிம்மதி இல்லை. வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக்க ராத்திரி ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுப்பான். ஒரு நாள் விடியும்வரை ஓடும். மறுநாள் கிராபிக்ஸ் கார்டு தொண்ணூற்றாறு டிகிரிக்குச் சூடேறி, கம்ப்யூட்டர் பாதியில் அணைந்து கிடக்கும். கதிரவன் பகலில் வந்து பார்த்தால் மட்டும் சமர்த்தாக ஓடும்.

திருவந்திபுரத்துக் கல்யாண டிவிடி அதனால்தான் இழுத்துக்கொண்டே போனது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் வரவில்லையென்றால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆர்டர் தரும் மண்டபத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மண்டபம் கை நழுவினால் பிழைப்பில் பாதி போச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை கதிரவன் ஒரு அலுமினியத் தகடும் பிராக்கெட்டும் கொண்டுவந்தான். தொங்கிக்கொண்டிருந்த கார்டுக்கு பிராக்கெட்டை முட்டுக்கொடுத்து, அதன் முதுகில் தகட்டை மாட்டினான். கீழே ஒரே தூசி என்று, மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி மேசை மேல் வைத்தான்.

"தகட்டால ரெண்டு மூணு டிகிரி கொறையும் மாமா. அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க."

அதிலிருந்து நான்கு ராத்திரி தடங்கலே இல்லை. சூடு எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. வேறு யாராவது என்றால் மச்சானுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். தங்கராசுவுக்கோ சந்தேகம்தான் வந்தது. மூணு டிகிரி என்று சொன்னவன் எப்படி இருபத்துநான்கைக் குறைத்தான்?

ரேகாவிடம் சந்தேகத்தைச் சொல்லிப் பார்த்தான். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த வாரம் இட்லி வேறு கல் மாதிரி இருந்தது. தம்பியைச் சொன்ன கோபம் இட்லியில் தெரிகிறது என்று நினைத்து, அதையும் பேசாமல் விழுங்கினான்.

இப்போது தகட்டை எடுத்துக் கதிரவன் முன்னால் போட்டான்.

"இந்தா ஒன் தகடு. நேத்து ராத்திரி இது இல்லாமதான் ஓட்டுனேன். எழுவத்திநாலு காட்டுச்சு."

"நான் சொன்னதும் அதான மாமா? தகட்டுக்கும் கார்டுக்கும் நடுவுல மெத்துன்னு ஒரு பேட் வச்சிருக்கேன். அது பின்பக்கத்து சூட்ட கொஞ்சம் இழுக்கும். பேட் இல்லாம சும்மா மாட்டுனா போர்வ போத்துன மாதிரி, சூடு ஜாஸ்திதான் ஆவும். பிராக்கெட்டு கார்டு தொங்காம இருக்கறதுக்கு, அவ்ளோதான்."

"அப்ப மிச்சம் இருவத்திரெண்டு டிகிரிய எவன் கொறச்சது?"

"அதான் மாமா எனக்கும் புரியல."

"ஒனக்கா புரியல? ஃபேன் வயர நீயே லூசாக்கி வுட்டுட்டு, ஞாயித்துக்கிழம நீயே சொருகிட்டுப் போயிட்ட. போன மாசம் கேமரா வாங்குனியே, எதுக்கு? நான் டிவிடி குடுக்க முடியாம திண்டாடணும், திருவந்திபுரத்து ஆர்டர் ஒனக்கு வரணும். அதான?"

கதிரவனின் முகம் செத்துவிட்டது. "சூடு கொறஞ்சா சந்தோசப்படுவாங்க. ஏன்டா கொறஞ்சுதுன்னு சண்டைக்கு வர்ற ஆள இன்னிக்குதான் பாக்குறேன்."

"பேச்ச மாத்தாத. அக்கா ஊட்டுல சாப்ட்டுக்கிட்டே அக்கா புருசன் பொழப்புல மண்ணப் போடுறியே, நீயெல்லாம் ஒரு மச்சானா?"

கதிரவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"தை மாசம் என் கல்யாணத்துக்கு அக்காவ மட்டும் அனுப்பி வைங்க. நீங்க வர வேணாம். நானும் இனிமே இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

பைக் சத்தம் தெருமுனையில் ஓய்ந்தது. தங்கராசுவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. குட்டு வெளிப்பட்டவன் அப்படித்தான் பேசுவான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான்.

கடைத்தெருவுக்குப் போயிருந்த ரேகா காய்கறிப் பையோடு வந்தாள்.

"கதிரு வண்டி மாதிரி இருந்துச்சே, அதுக்குள்ள கெளம்பிட்டானா? அவன்கிட்ட ஒரு வேல சொல்லணும்னு இருந்தேன். சரி, நீங்களே செய்ங்க. அந்தப் பொட்டிய பழையபடி மேசைக்கு அடியில எறக்கி வைங்க."

"ஏன்? மேல இருந்தா ஒனக்கு என்ன?"

"இந்தக் கார்த்திக குளுருல இட்லி மாவு எங்கங்க பொங்குது? அரைக்கிற அன்னிக்கெல்லாம், நீங்க படுத்தப்புறம் அந்தப் பொட்டி பின்னாடி சூடா காத்து வருதுல்ல, அந்த ஓட்டைய அடைச்சாப்புலதான மாவு குண்டான ஒட்டி வெப்பேன்!"